பதிலுக்கு விட்ட இடம்

வினா ஒன்றைக் கேட்டபின் ஆசிரியர் மூன்று விநாடிகளாவது வாய் திறவாது நிற்க வேண்டும் என்று இருபத்தெட்டு ஆண்டுகள் நான் விரிவுரைகளில் சொல்லி வந்தேன். ஆசிரியப் பயிற்சிக்கு வருவோருக்கு இது இலகுவான விதியாகத் தோன்றும். வகுப்பறையில் நின்று பார்த்தால்தான் மூன்று விநாடிகளின் நீளம் தெரியும். முப்பது குழந்தைகள் முகத்தையே பார்த்திருக்கும்போது அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் பெரும்பாலானோர் விடையைத் தாமே சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னவர்களுக்குப் புள்ளி குறைத்தேன். குறைப்பதில் எனக்குத் தயக்கம் இருந்ததில்லை.

என் மகள் கல்வியியற் கல்லூரியில் இரண்டு ஆண்டுகளை முடித்து, மூன்றாம் ஆண்டின் உள்ளகப் பயிற்சிக்காகக் கல்முனைக்கு அண்மையிலுள்ள கடற்கரைப் பாடசாலை ஒன்றுக்கு அனுப்பப்பட்டபோது நான் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டிலிருந்தே போய் வந்தாள். இறுதி மதிப்பீட்டுப் பாடங்களுள் ஒன்றைக் கணினியோ திரையோ ஒலிக்கருவியோ கொண்டு நடத்திக் காட்ட வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. அதில் தவறினால் ஒரேயொரு தடவை மீண்டும் செய்யலாம். அதிலும் தவறினால் அடுத்த அணியோடு சேர்ந்து ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

அவள் முதற் தடவை தவறினாள்.

தரம் மூன்றுக்குக் கொள்ளளவு கற்பிக்கும் பாடம் அது. இரண்டு வாரம் கண்விழித்து மடிக்கணினியில் படங்கள் செய்திருந்தாள். நீலநிறத் தண்ணீர் போத்தலுக்குள் ஏறும். பக்கத்தில் கோடுகள் தோன்றும். அதன்பின் வினா வரும். அதன்பின் விடை வரும். ஒவ்வொரு படமும் எட்டு விநாடி நின்று தானாகவே நகரும்படி வைத்திருந்தாள். வீட்டில், தன் அறையில், கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தபோது எட்டு விநாடி போதுமாக இருந்தது. வகுப்பில் குழந்தைகள் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கும்போதே சுவரில் விடை வந்து நின்றது. பதறிப்போய் மேசைக்கு ஓடி ஒரு பொத்தானை அமுக்கினாள். படம் இரண்டு தாண்டிப் போயிற்று. திரும்பக் கொண்டுவர முயன்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். மீதிப் பாட வேளை முழுவதும் அவள் படங்களைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

அன்று பகல் சாப்பாட்டுக்கு முன் இதைச் சொன்னாள்.

"வாப்பா, திரும்ப ஒருக்காச் செய்யட்டாம்."

நான் விவரம் கேட்டேன். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "அவங்க செஞ்சது நியாயம்தான்" என்றேன்.

அவள் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். கட்டிலில் சாய்ந்திருந்த என் மனைவி என்னைப் பார்த்தார்.

"நீங்க இவட வாப்பாவா, இன்ஸ்பெக்டரா?"

நான் சோற்றுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தேன்.

"இன்ஸ்பெக்டர் எண்டா தேத்தண்ணியக் குடிச்சிட்டு வெளிக்கிடுங்க. வாப்பா எண்டா இரிங்க."

நான் இருந்தேன். ஆயினும் எழுந்து போய் மகளின் கதவைத் தட்டவில்லை. அதைச் செய்தவர் என் மனைவிதான், சுவரைப் பிடித்துப் பிடித்து.

மனைவியின் சிறுநீரகங்கள் இரண்டும் அப்போது ஏறத்தாழ நின்றுவிட்டிருந்தன. திங்களும் வெள்ளியும் இரத்தச் சுத்திகரிப்புக்கு வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வேன். ஒரு நாளைக்கு அரை லீட்டர் நீருக்கு மேல் அருந்தக் கூடாது என்பது வைத்தியரின் கட்டளை. ஒவ்வொரு நாளும் அதிகாலையில் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து, அரை லீட்டர்ப் போத்தல் ஒன்றை நிரப்பிக் கட்டிலுக்கு அருகிலிருந்த யன்னல் விளிம்பில் வைப்பேன். "என்ட கூப்பன் வந்திட்டா?" என்று பங்கீட்டுக் கடையில் கேட்பதுபோல் கேட்பார். களவும் செய்வார். நீர் வழியும் வத்தகைப்பழத் துண்டைக் கடித்துக்கொண்டே "இது பழம், தண்ணி இல்ல" என்று வாதாடுவார். ஒருநாள் அவருடைய முந்தானைக்குள்ளிருந்து ஐஸ் கட்டி உருகிச் சொட்டியது. "வேர்க்குது" என்றார்.

கொள்ளளவு என்ற பாடத்தை மகள் தெரிந்தெடுத்ததற்கு அந்தப் போத்தல் காரணமா என்று நான் அவளிடம் கேட்டதில்லை.

தவறிய பாடத்தை மீண்டும் நடத்த இரண்டு மாத அவகாசம் கிடைத்தது. தாயும் மகளும் மாலைகளில் ஒத்திகை தொடங்கினார்கள். மகள் கட்டிலுக்கு எதிரே சுவரில் படத்தை விழுத்துவாள். என் மனைவி தனியொருவராக ஒரு வகுப்பாக மாறுவார். நான் அதே அறையின் மூலையில், பத்திரிகைக்குப் பின்னால், இருப்பேன்.

"டீச்சர்! இவன் என்ட றப்பர எடுத்திட்டான்!"

"ஆரு உம்மா?"

"உம்மா இல்ல. நான் மூண்டாம் வகுப்பு. அந்தா, அந்த மூலையில இரிக்கிறான். அடிங்க டீச்சர்."

"அவர் படிக்கிற புள்ளயாச்சே."

"அவன்தான் பெரிய கள்ளன். நல்லபுள்ள மாதிரிப் பேப்பர் வாசிப்பான்."

பிறகு படம் ஓடும். போத்தலும் கோடுகளும் வரும். இதற்குள் எத்தனை கோப்பைத் தண்ணீர் போகும் என்று மகள் கேட்பாள். மனைவி ஒரு கையை உயர்த்தி, மறுகையின் விரல்களை நிதானமாக மடக்குவார். அதற்குள் சுவரில் விடை வந்துவிடும்.

"நான் எண்ணி முடியல்ல. ஒங்கட சுவர் விடையச் சொல்லிட்டு. மறுகா என்னத்துக்கு டீச்சர் என்னக் கேட்டீங்க?"

பத்திரிகைக்குப் பின்னால் நான் அசையாமல் இருந்தேன். என் நூலொன்றின் இரண்டு அத்தியாயங்களில் நான் எழுதி அச்சிட்டிருந்த கருத்து அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருந்தது. அதை அப்போது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வழி கண்டுபிடித்தவள் மகள்தான். தானாக நகரும் படங்களைக் கைவிட்டு, நகராத படம் ஒன்றை மட்டும் சுவருக்கு வைத்துக்கொண்டாள். குடமும் போத்தலும் ஒன்றோடொன்று வாக்குவாதப்படுவதாக ஒரு சிறு கதை எழுதி, இரண்டு குரல்களிலும் தானே பேசித் தொலைபேசியில் துண்டு துண்டாகப் பதிவுசெய்தாள். தொலைபேசி அவள் கையில் இருக்கும். ஒலிபெருக்கி மேசையில் இருக்கும். இரண்டுக்கும் இடையே கம்பி இல்லை. குடம் ஒரு கேள்வி கேட்டு நிற்கும். பிள்ளைகள் விடை சொன்ன பிறகுதான் அவள் அடுத்த துண்டை அமுக்குவாள். அதுவரை குடம் வாயை மூடிக்கொண்டிருக்கும். கருவியைக் காத்திருக்கச் செய்ய அவள் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

"இப்ப குடத்துக்கு மரியாதை தெரியிது" என்றார் என் மனைவி.

அந்த நாட்களிலேயே இன்னொரு பதிவும் நடந்தது.

ஓய்வு பெற்ற பின்னும் செவ்வாயும் வியாழனும் காலையில் நான் பட்டப்படிப்பு வகுப்பொன்றுக்கு விரிவுரைக்குப் போவதுண்டு. எட்டு மணிக்குப் போனால் ஒரு மணிக்குத்தான் திரும்புவேன். அந்த இரண்டு நாட்களிலும் பத்து மணி மருந்துக் குளிசையை மனைவி தவறவிட்டார். கண் பார்வை மங்கியிருந்தது, மணிக்கூடு தெரிவதில்லை. அதே வளவுக்குள் அடுத்த வீட்டில் இருக்கும் அவருடைய தங்கை வந்து சமைத்துக் கொடுப்பார். ஆனால் தங்கை கேட்டால், மனைவி "குடிச்சிட்டன்" என்று கண்ணை மூடிக்கொள்வார். மகள் மனைவியின் தொலைபேசியில் ஒரு ஏற்பாடு செய்தாள். குறித்த நேரத்தில் மணியடிப்பதற்குப் பதிலாக, பதிவுசெய்த ஒரு குரல் பேசும். யாராவது அமுக்கி நிறுத்தும்வரை ஐந்து நிமிடத்துக்கொரு தடவை மீண்டும் பேசும்.

"வாப்பா, நீங்க கதைச்சு வைங்க. ஒங்கட சொல்லுக்குத்தான் உம்மா பயப்படுவா."

"பயமாம்!" என்று சிரித்தார் மனைவி.

நான் பதிவுசெய்தேன். நேரம் காலை பத்து மணி என்றும், மருந்து உட்கொள்ள வேண்டிய வேளை வந்துவிட்டது என்றும், வெள்ளைக் குளிசை ஒன்றும் மஞ்சள் குளிசையில் பாதியும் என்றும் தெளிவாகச் சொன்னேன். மகள் அதைப் போட்டுக் காட்டினாள். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இது பள்ளிவாசல்ல ஜனாஸா அறிவிக்கிற மாதிரியெல்லவா இரிக்கி! இதக் கேட்டா எழும்பிறதா, கபுறுக் குழிக்குப் போறதா?"

"உம்மா!"

"என்னோட கதைக்கிற மாதிரிக் கதைங்க. கேட்டுப்போட்டு ஓடாம, நான் பதில் சொல்ல இடம் விடுங்க. குடத்துக்கு இரிக்கிற மரியாதை ஒங்களுக்கு இல்லயா?"

மறுநாள், மகள் பாடசாலைக்குப் போன பின், மனைவியைக் குளியலறையில் விட்டுவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மீண்டும் பதிவுசெய்தேன். நான்காம் முயற்சியில் சரியாக வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பிறர் முன்னிலையில் நான் அவரை நீங்கள் என்றே அழைத்து வந்திருக்கிறேன். அந்தப் பதிவில் அப்படி அழைக்கவில்லை. அது அவர் ஒருவருக்காக மட்டும் பேசியது. செவ்வாய், வியாழன், காலை பத்து மணி என்று நேரத்தைக் குறித்ததும் நானே. அந்த நேரத்தில் மகள் வகுப்பில் இருப்பாள் என்பதால் அவள் அதைக் கேட்க நேரவில்லை.

முதல் வியாழன் வீட்டுக்கு வந்து, குளிசை குடித்தீர்களா என்று கேட்டேன்.

"அப்பவே ஓம் எண்டு சொன்னனே. ஒங்களுக்குக் கேக்கல்லயா?"

இப்படி ஐந்து வாரங்கள்.

ஆறாம் வாரத்துச் செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்குச் சற்று முன்னர், அவர் உறக்கத்திலேயே மௌத்தானார். நான் விரிவுரை மண்டபத்தில் நின்றிருந்தேன். அவருடைய தங்கை தொலைபேசியில் அழைத்தார். நான் வீடு வந்து சேர்ந்தபோது தங்கை என்னிடம் சொன்னது ஒரேயொரு வாக்கியம்: "போன் கதைச்சிட்டே கிடந்திச்சி மச்சான்." அதற்குமேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிந்திய நாட்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். என் குரல் அந்த அறையில் இருந்தது, நான் இருக்கவில்லை. குரல் கேள்வி கேட்டது. பதிலுக்காக நான் விட்டிருந்த இடம் வந்தது. அந்த இடத்தில் யாரும் இல்லை. எத்தனை தடவை அப்படிக் கேட்டிருக்கும் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். தொழுகையில் நிற்கும்போதுகூட அந்த இடம் எனக்குக் கேட்டது.

தொலைபேசியை அணைத்து, அலுமாரியில் அவருடைய தொழுகை உடுப்புக்குக் கீழே வைத்தேன்.

மகளின் மறுமதிப்பீடு தள்ளி வைக்கப்பட்டது. நாற்பதாம் நாள் கழிந்ததும் புதிய திகதி அறிவித்தார்கள். அவள் அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "அடுத்த வருசத்துக்கு விடுவமா வாப்பா?" என்று கேட்டாள். நியாயம் எது என்று சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. அன்று எதுவும் தோன்றவில்லை. அவளே சிறிது நேரம் நின்றுவிட்டு, "குடம் போத்தல் எல்லாத்தையும் உம்மா பாத்துட்டுத்தானே போனா" என்று கடிதத்தை எடுத்துக்கொண்டாள்.

பாடத்துக்கு இரண்டு நாள் இருக்க, மாலையில் இன்னொரு இடைஞ்சல் வந்தது. அவளுடைய தொலைபேசி ஒலிபெருக்கியோடு இணைய மறுத்தது. பழைய தொலைபேசி, மின்கலமும் உப்பியிருந்தது.

"வாப்பா, உம்மாட போன…" என்றாள். வசனத்தை முடிக்கவில்லை.

நான் அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். குடம் போத்தல் பதிவுகளை அவள் அதற்குள் மாற்றினாள்.

புதன்கிழமை மாலை எங்கள் கூடத்தில் முழுப் பாடத்தையும் ஒத்திகை பார்த்தாள். குடம் பேசியது, காத்திருந்தது, போத்தல் பேசியது. ஒரு பிசகும் இல்லை. மறுநாள் வியாழன் என்பது எனக்குத் தெரியும். பாடம் ஒன்பது நாற்பதுக்குத் தொடங்கிப் பத்து இருபதுக்கு முடியும் என்பதும் தெரியும். அந்தத் தொலைபேசிக்குள் எந்தக் கிழமை, எந்த மணி குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை இந்த உலகில் அறிந்த ஒரே மனிதன் நான். மூன்றையும் நான் ஒன்றுசேர்க்கவில்லை. கவனக்குறைவு என்று என் மாணவர்களைக் கண்டித்த ஒருவன் தன் கவனக்குறைவுக்கு வேறு பெயர் தேடக் கூடாது.

அவளையும் சுவரில் படம் விழுத்தும் ஒளியெறி கருவியையும் என் காரில் கொண்டுபோய் இறக்கினேன். மதிப்பீட்டாளர் நடுவயதுப் பெண்; எனக்கு அறிமுகமில்லாதவர். நான் யார் என்று அதிபர் சொல்லியிருக்க வேண்டும். உள்ளே வந்து அமரும்படி மரியாதையாகக் கேட்டார். மறுத்துவிட்டு, விறாந்தையில் ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். அந்தப் பாடசாலையில் வகுப்புகளுக்கு அரைச்சுவர்தான். வெளிச்சத்தைத் தடுக்க மகள் மேலே கறுப்புத் துணி கட்டியிருந்தாள். உள்ளே நடப்பதைப் பார்க்க முடியாது, எல்லாம் கேட்கும். பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது.

"நான்தான் பெரிய ஆள்!" என்றது குடம். "என்ன நிரப்ப எத்தன போத்தல் தண்ணி வேணும், சொல்லுங்க பாப்பம்?"

மௌனம். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மகள் வாய் திறக்கவில்லை. நான்கு.

"ஆறு!" என்று ஒரு சிறுமி கத்தினாள். "இல்லடி, எட்டு!" என்றான் இன்னொருவன்.

"ஆறா, எட்டா? வாங்க, ஊத்திப் பாப்பம்."

தண்ணீர் ஊற்றும் ஓசை கேட்டது. யாரோ சிந்தினார்கள். யாரோ யாரையோ திட்டினார்கள். போத்தல் கெஞ்சியது, குடம் ஏசியது, பிள்ளைகள் ஒவ்வொரு கேள்விக்கும் ஓம் என்றும் இல்லை என்றும் கூட்டாகக் குரல் கொடுத்தார்கள். அவள் நல்ல ஆசிரியையாக இருக்கிறாள் என்பதை அப்போது நான் அறிந்தேன். பல நூறு பாடங்களை மதிப்பிட்டவனுக்கு அது தெரியும்.

அப்பொழுது ஒலிபெருக்கியிலிருந்து நான் பேசினேன்.

"புள்ள, பத்து மணி. எழும்பு. வெள்ளக் குளிச ஒண்டு, மஞ்சள்ள பாதி. தண்ணி அரைக் கப்தான். கூடக் குடிச்சா வந்து ஏசுவன். இல்ல, ஏச மாட்டன், சும்மா சொன்னன். குடிச்சிட்டியா?"

கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். எழுந்து உள்ளே போயிருக்கலாம். பதிலுக்காக நான் விட்ட இடம் வந்தது. மூன்று விநாடிகள். அந்த இடத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஓம்!" என்றது வகுப்பு. முப்பது குரல்கள்.

"சரி. ஒரு மணிக்கு வந்திருவன். வெயிலுக்குள்ள வாசல்ல வந்து நிக்காத."

அதன் பின் கடல் மட்டும் கேட்டது. மகளுக்கு அது என் குரல் என்று முதற் சொல்லிலேயே தெரிந்திருக்கும். அவள் அதை நிறுத்தவில்லை. முடியும்வரை விட்டு, அதன் பின்தான் அமுக்கியிருக்க வேண்டும்; அது மீண்டும் பேசவில்லை.

"டீச்சர்," என்றான் ஒரு சிறுவன், "அரைக் கப் தண்ணி காணாதே. எனக்கெண்டா ரெண்டு கப் வேணும்."

இம்முறை நான் எண்ணவில்லை.

"சில ஆக்களுக்கு அவ்வளவுதான் குடிக்கலாம்" என்றாள் மகள். குரல் சற்றுத் தாழ்ந்திருந்தது, உடையவில்லை. "நாள் முழுக்க அரை லீட்டர். இந்தப் போத்தல் அரை லீட்டர். அரைக் கப் அரைக் கப்பாக் குடிச்சா எத்தன தரம் குடிக்கலாம்? ஆரு வந்து ஊத்திப் பாக்கிறது?"

கதிரைகள் நகர்ந்தன. தண்ணீர் ஊற்றினார்கள்.

"அஞ்சு, டீச்சர்!"

"ஓம். அஞ்சு தரம்."

"அஞ்சு தரந்தானா? பாவம் டீச்சர்" என்றாள் ஒரு சிறுமி.

இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே பாய்ந்தார்கள். மதிப்பீட்டாளர் உள்ளேயே அமர்ந்து மகளிடம் பேசத் தொடங்கினார். நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

"இந்த முற நல்லாக் காத்திருந்தீங்க," என்றார் அவர். "ஒவ்வொரு பிள்ளைக்கும் யோசிக்க நேரம் கிடைச்சிது. அதிலயும் அந்த மருந்து குடிக்கச் சொல்ற குரல், அது நல்ல யோசன. பாடத்த வீட்டு வாழ்க்கையோட கொண்டுபோய்ச் சேத்திட்டீங்க. நான் விசேசமா எழுதியிருக்கன். அது ஆர்ட குரல்?"

"என்ட வாப்பாட."

"அப்பிடியா! நல்லா நடிச்சிருக்கார்."

மகள் பேசாமல் இருந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்பதை நான் அறிந்தேன். எழுதியது எழுதியபடி இருக்கும். ஓராண்டு வீணாகாது. அவள் பேசாமல் இருக்க வேண்டும் என்று என் மனம் விரும்பியது. அப்படி விரும்பியவன் நான்தான் என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

"நடிப்பில்ல மேடம். அது பாடத்தில இல்ல. தவறி வந்தது."

"எப்பிடி?"

"இது என்ட உம்மாட போன். உம்மாக்கு மருந்து ஞாபகப்படுத்த வாப்பா கதைச்சு வச்சது. அது இன்னும் போனில இரிக்கிறத நானும் மறந்திட்டன், இண்டைக்குத்தான் முதல்ல கேட்டன். உம்மா மௌத்தாகி ரெண்டு மாசம்."

"இன்னாலில்லாஹி," என்றார் மதிப்பீட்டாளர். பிறகு, "அப்ப இத நான் வெட்டணும்" என்றார்.

"வெட்டுங்க மேடம்."

"கருவிய ஆயத்தப்படுத்தின பகுதியிலயும் புள்ளி குறைக்க வேண்டிவரும். பாடத்துக்கு முதல் முழுசாப் பாத்திருக்கணும்."

"ஓம் மேடம்."

பேனை தாளில் கோடு இழுத்த ஓசை எனக்குக் கேட்டது. நான் மதிப்பீட்டாளராக இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். கேட்டுக்கொண்டிருப்பது வேறு.

"ஒரு விசயம் சொல்லுங்க. பிழையா வந்தது எண்டு தெரிஞ்ச உடன ஏன் நிப்பாட்டல்ல?"

"கேள்வி கேட்டிட்டு மேடம்," என்றாள் மகள். "பிள்ளைகள் பதில் சொல்லுவாங்க எண்டு தெரியும். இடையில நிப்பாட்ட ஏலாமப் போயிட்டு."

பேனை மீண்டும் தாளில் ஓடியது. மதிப்பீட்டாளர், "சித்தியடைஞ்சிட்டீங்க, பாஸ். புள்ளி கொஞ்சம் குறைவுதான். ஆனா சித்தி" என்றார்.

வெளியே வந்தபோது அவர் என்னைக் கண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஸலாம் சொன்னேன். அவரும் ஸலாம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்காக நான் அவருக்கு நன்றியுடையவன்.

வீடு திரும்பும் வழியில் மகள் ஒளியெறி கருவியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்திருந்தாள். சாய்ந்தமருதுச் சந்தியில் வாகனங்கள் தேங்கி நின்றன. நியாயம் என்ற சொல் என் நாவுக்கு வந்தது. அதை விழுங்கினேன்.

"நல்லா நிண்டீங்க மகள்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. என் தோளில் கையை வைத்தாள். வாகனங்கள் நகரும்வரை எடுக்கவில்லை.

"நீங்க உம்மாவ நீ எண்டா கூப்பிடுவீங்க?" என்று பிறகு கேட்டாள்.

"ஓம்."

"எங்களுக்குத் தெரியா."

வீட்டில் அவளுடைய சாச்சி, என் மனைவியின் தங்கை, கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். மகள் சித்தியடைந்ததைச் சொன்னாள்; குரல் வந்ததையும் சொன்னாள். "புள்ளைகள் எல்லாம் ஒண்டா ஓம் எண்டு கத்தினாங்க சாச்சி" என்றபோது சாச்சியின் கைகள் நின்றன. "அல்ஹம்துலில்லாஹ், நீ போய்த் தொழு மகள்" என்றார்.

மகள் உள்ளே போன பின்னும் அவர் நிமிரவில்லை. நானும் நகரவில்லை.

"மச்சான், ஒண்டு சொல்லணும். சொல்லாமத்தான் வச்சிருந்தன்."

நான் காத்திருந்தேன்.

"அண்டைக்கு போன் கதைக்கிது எண்டுதான் அறைக்குள்ள போனன். என்ட லாத்தா எழும்பல்ல. தொட்டுப் பாத்தன். விளங்கிட்டு. ஒங்களுக்குச் சொல்லணும், ஆக்களக் கூப்பிடணும், ஒண்டும் ஓடல்ல. அப்பிடியே கையப் புடிச்சிட்டு இரிந்தன். மறுகாவும் போன் கதைச்சிது. நிப்பாட்ட எனக்குத் தெரியா. குடிச்சிட்டியா எண்டு கேட்டிட்டு, சும்மா நிக்கிது மச்சான். சும்மா பாத்துக்கிட்டு நிக்கிற மாதிரி."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"நான்தான் ஓம் எண்டு சொன்னன். ஆராவது சொல்லணுமே."

கிணற்றுக் கட்டில் நான் உட்கார்ந்தேன்.

"அதுக்குப் பிறகு?" என்று கேட்டேன்.

"சரி, ஒரு மணிக்கு வந்திருவன் எண்டிச்சி."

அவர் மௌத்தான அன்று நான் ஒரு மணிக்கு வரவில்லை. பதினொரு மணிக்கு முன்பே வந்துவிட்டேன். வாசலில், வெயிலுக்குள், நிறையப் பேர் நின்றார்கள்.